கை ஓயும் முன்னே கற்றுக்கொள்வோம்



ஆரணியில் நின்றுகொண்டு பட்டுச்சேலையின் பெருமையைப் பேச வெளியூர்க்காரன் ஒருவன் தேவையில்லை. கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் இந்த ஊரிலும், சுற்றியுள்ள தேவிகாபுரம், ஒண்ணுபுரம், அத்திமலைப்பட்டு போன்ற ஊர்களிலும் பிறந்த குழந்தைக்கே பட்டு இன்னது, ஜரிகை இன்னது என்று தெரியும். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. சேலையின் புகழைப் பேச ஆள் இருக்கிறது. அதை நெய்யத் தெரிந்த மனிதரைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். அவருடைய கை ஓய்வதற்குள், அதற்குத் தெரிந்ததை எல்லாம் இன்னொரு கை கற்றுக்கொண்டாக வேண்டும். அப்படிக் கற்பதற்குக் கூலி கொடுக்க நாம் முன்வர வேண்டும். என் பேச்சின் சாரம் முழுவதும் இவ்வளவுதான்.

ஆரணி என்றதும் வரலாற்றுப் புத்தகங்கள் இரண்டு போர்களைச் சொல்லும். 1751-இல் கிளைவ் நடத்திய போர் ஒன்று. 1782-இல் ஹைதர் அலிக்கும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டுக்கும் நடந்த போர் இன்னொன்று. ஆனால் வெள்ளைக்காரர் காலத்து ஆவணங்களில் இந்த ஊருக்கு வேறொரு பெயரும் உண்டு. மெல்லிய பருத்தித் துணியான மஸ்லினுக்குப் பேர்போன ஊர் ஆரணி. ‘ஆரணி மஸ்லின்’ என்று ஊர்ப்பெயரைச் சேர்த்தே அதைச் சொன்னார்கள். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் ஆரணிக்காரர்களே வியப்பார்கள். ஆலைத்துணி கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. அரண்மனைகளும் ஜாகீர்களும் கொடுத்த ஆதரவு சுருங்கியது. வாங்குவதற்கு ஆள் இல்லாத துணியை நெய்வதற்கும் ஆள் இல்லாமல் போனது.

அதே காலத்தில் லண்டனில் ஒரு வேலை நடந்தது. ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் இந்தியத் துணிகளிலிருந்து 700 மாதிரிகளைத் துண்டு துண்டாக வெட்டி, 18 தொகுதிகளில் ஒட்டி, 1866-இல் வெளியிட்டார். மொத்தம் 20 பிரதிகள். அவற்றில் 13 பிரிட்டனின் தொழில் நகரங்களுக்கும் 7 இந்தியாவுக்கும் போயின. இந்தியர் எதை விரும்பி உடுத்துகிறார்கள் என்று அங்குள்ள ஆலை முதலாளிகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் நோக்கம். அந்தத் துண்டுத் துணிகள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. நீளம், அகலம், எடை எல்லாம் பக்கத்திலேயே எழுதியும் இருக்கிறது. ஆனால் அவ்வளவு மெல்லிய நூலை அறாமல் பாவு ஓட்டியது எப்படி, எந்தப் பருவத்தில் எந்தக் கஞ்சி போட்டார்கள், ஒரு இழை அறுந்தால் விரல் எப்படித் தேடிப் பிடித்தது என்பதைச் சொல்ல அந்தப் பதினெட்டுத் தொகுதிகளாலும் முடியாது.

நம் மண்ணில் இது ஒரு முறை மட்டும் நடந்ததல்ல. தஞ்சை மராட்டிய அரசர்களுக்காகக் கோடாலிக் கருப்பூரில் ஒரு சேலை நெய்தார்கள். நெய்யும்போதே ஜரிகைப் பூ வேலை, நெய்த பிறகு மெழுகு வைத்துச் சாயம் தோய்க்கும் வேலை என்று இரண்டு கலைகள் அந்த ஒரே சேலையில் சேர்ந்திருந்தன. 1855-இல் தஞ்சை அரசு முடிவுக்கு வந்ததும் ஆதரிப்பார் இல்லாமல் அந்தக் கலையும் தேய்ந்து போயிற்று. இன்று அதைப் பார்க்க வேண்டுமானால் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். பின்னாளில் அதை மீட்க முயன்றவர்கள் பழைய சேலையைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக ஊகிக்க வேண்டியிருந்தது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆசான் இல்லை.

இதே கதையை உலகத்தின் மறுகோடியில் ஒரு தீவு மக்களும் வாழ்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய அனுபவத்தில் நமக்குப் பாடம் இருக்கிறது. பசிபிக் பெருங்கடலில் மரியானா தீவுகள் என்று ஒரு தீவுக்கூட்டம். அவற்றில் பெரியது குவாம். அங்கே மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து வரும் மக்களுக்குச் சமோரோ என்று பெயர். தாழை ஓலையில் பாயும் கூடையும் முடைவார்கள். வெற்றிலை பாக்குப் போடும் பழக்கம் உள்ளவர்கள். தேங்காய் இல்லாமல் அவர்களுக்குச் சமையல் இல்லை. நம் ஊர் மனிதர்களை அங்கே கொண்டுபோய் விட்டால் பாதிப் பழக்கம் ஒத்துப்போகும்.

அந்த மக்களின் பெருமை அவர்களுடைய பாய்மரப் படகு. 1742-இல் ஆன்சன் என்ற ஆங்கிலக் கடற்படைத் தளபதி டினியன் தீவுக்கு வந்தபோது, அந்தப் படகின் வேகத்தைக் கண்டு அவருடைய குழுவினர் அசந்துபோய், அதை அளந்து வரைந்து எடுத்துப் போனார்கள். ஆனால் 1668 முதல் தீவுகளில் வேரூன்றிய ஸ்பானிய ஆட்சி மக்களை அவரவர் தீவிலிருந்து பெயர்த்துக் குவாமில் குடியேற்றியது. போரும் நோயும் மக்கள்தொகையைக் கரைத்தன. தீவு விட்டுத் தீவு போவது நின்றது. போக்குவரத்து நின்ற பிறகு படகு எதற்கு? நெடுங்கடல் ஓடும் படகைக் கட்டத் தெரிந்த கடைசித் தச்சரும் போய்ச் சேர்ந்தார்.

இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அந்தப் படகை மறுபடி கட்ட நினைத்தார்கள். கையில் இருந்தது ஆன்சன் குழுவின் வரைபடம் மட்டுமே. அது போதவில்லை. படகுக் கலை அறாமல் இருந்த அண்டைத் தீவுகளான கரோலின் தீவுகளின் வல்லுநர்களிடம் போய்க் கைகட்டி நின்று கற்றார்கள். அப்படிக் கட்டிய ‘சைனா’ என்ற படகு 2009-இல் குவாமிலிருந்து ரோட்டா தீவு வரை கடலில் ஓடியது. அது மகத்தான சாதனை. ஆனால் ஒன்றை நாம் மறக்கக்கூடாது. அண்டைத் தீவில் ஆசான் இருந்ததால்தான் அது முடிந்தது.

அதே குவாமில் இன்னொரு கலை சாவின் விளிம்பு வரை போய்த் திரும்பியது. வாக்கீன் ஃப்ளோரஸ் லுஹான் என்று ஒரு கொல்லர். தந்தையிடம் தொழில் கற்றவர். அரிவாள், மண்வெட்டி, தேங்காய் துருவி, பாக்குவெட்டி என்று அந்த மக்களின் அன்றாட வாழ்வுக்கு வேண்டியதை அடிக்கும் பழைய கொல்லுத் தொழில் அவருடைய காலத்தில் அவரோடு முடிந்துவிடும் என்ற நிலை வந்தது. அவர் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு உலைக்களத்தில் நிற்கவைத்துச் சொல்லிக் கொடுத்தார். அவரிடம் கற்றவர்கள் தாமும் கொல்லர்களானார்கள். 1996-இல் அமெரிக்காவின் தேசிய மரபுக் கலைஞர் விருது அவருக்குக் கிடைத்தது. விருதுக்காக நான் அவர் பெயரைச் சொல்லவில்லை. படகுக்கு நேர்ந்த கதி பாக்குவெட்டிக்கு நேரவில்லையே, அதற்குக் காரணம் என்ன? கற்றுக்கொடுக்க ஒருவர் உயிரோடு இருந்தபோதே கற்றுக்கொள்ள நாலு பேர் வந்து நின்றார்கள். அந்தக் காரணத்துக்காகச் சொல்கிறேன்.

இப்போது ஆரணிக்கு வருவோம். சேலை நெய்வது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் எத்தனை கலைஞர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கர்நாடகத்திலிருந்து வரும் கச்சாப் பட்டை முறுக்கேற்றுபவர் ஒருவர். சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சிப் பசை நீக்கிச் சாயம் தோய்ப்பவர் ஒருவர். காய்ச்சும்போது பட்டின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு பசையாகப் போய்விடும். எந்த நேரத்தில் கொப்பரையை விட்டுத் தூக்க வேண்டும் என்பது அவர் கண்ணுக்குத்தான் தெரியும். பாவு ஓட்டுபவர், தெருவில் பாவை நீட்டிச் சரிபார்ப்பவர், அச்சுக் கட்டுபவர், விழுது கட்டுபவர், டிசைனைக் கட்டம் போட்ட தாளில் வரைபவர், அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் துளை போடுபவர், தார் சுற்றும் அம்மா. இத்தனை பேரும் முடித்த பிறகுதான் நெய்பவர் தறியில் உட்காருகிறார்.

ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு ஏறும் நேரத்தில் நெசவாளர் வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். பழைய பாவின் நுனி இழைகள் அச்சிலும் விழுதிலும் கோத்தபடியே இருக்கும். புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழை ஒவ்வொன்றோடும் சேர்த்துப் புணைக்க வேண்டும். சில ஆயிரம் இழைகள். விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, இரண்டு இழைகளையும் சேர்த்து ஒரு திருகு திருகி விட்டுவிடுவார்கள். முடிச்சு இல்லை. முடிச்சுப் போட்டால் அச்சில் சிக்கும். ஆனால் அந்தத் திருகு அச்சைக் கடந்து வரும்வரை அவிழாது. பெரும்பாலும் பெண்கள்தான் இதைச் செய்கிறார்கள். பேசிக்கொண்டே செய்வார்கள், கண் வேறெங்கோ இருக்கும், விரல் மட்டும் தன் வேலையைத் தவறாமல் செய்யும். எவ்வளவு அழுத்தித் திருக வேண்டும் என்று கேட்டால் அவர்களால் வாயால் சொல்ல முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து, நூறு இழை அறுத்து, திட்டு வாங்கித்தான் கற்றுக்கொள்ள முடியும்.

அதேபோல ஜக்கார்டு. மேலே பெட்டி, அதில் சங்கிலியாகக் கோத்த அட்டைகள். ஒவ்வோர் ஊடைக்கும் ஓர் அட்டை. துளை உள்ள இடத்தில் கொக்கி மேலே போகும், துளை இல்லாத இடத்தில் நிற்கும். எந்தெந்தப் பாவு இழையைத் தூக்க வேண்டும் என்பதை அட்டை சொல்கிறது. பூவில் ஒரு புள்ளி தவறினால், அது அட்டையின் குற்றமா, கொக்கியின் குற்றமா, விழுது அறுந்ததா என்பதை அனுபவப்பட்டவர் பெட்டியின் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். ஐப்பசி மழையில் பட்டு எப்படி நடந்துகொள்ளும், சித்திரை வெயிலில் குழித்தறியின் ஈரம் எப்படிக் காப்பாற்றும் என்பதும் அவருக்குத் தெரியும். இது பாடப்புத்தகத்தில் இல்லாத படிப்பு.

இந்தப் படிப்பைப் படித்தவர்கள் எத்தனை பேர் மிச்சம்? நாடு முழுவதும் எடுத்த கைத்தறிக் கணக்கைப் பாருங்கள். 1995-96 கணக்கெடுப்பில் 65 லட்சத்துக்கும் மேல் கைத்தறித் தொழிலாளர்கள் இருந்தார்கள். 2009-10-இல் 43.31 லட்சம். 2019-20-இல் 35.22 லட்சம். கால் நூற்றாண்டுக்குள் கிட்டத்தட்ட பாதிப் பேர் தறியை விட்டு இறங்கிவிட்டார்கள். அந்தக் கடைசிக் கணக்கின்படி நாட்டின் நெசவாளர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். சேலைப் பெட்டியின் மேல் கடைக்காரர் பெயர் இருக்கிறது, அந்தப் பெண்களின் பெயர் எங்கேயும் இல்லை.

இளைஞர்கள் நெசவுக்கு வருவதில்லை என்று குறை சொல்பவர்களை நான் ஏற்கவில்லை. செய்யாறு சிப்காட்டுக்குப் போகும் பையனும் பெண்ணும் மாதம் பிறந்தால் சம்பளம், வருங்கால வைப்புநிதி, மருத்துவக் காப்பீடு, வீட்டு வாசலுக்கே பேருந்து என்று பெறுகிறார்கள். தறியிலோ சேலையை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. பட்டு விலை ஏறினால் பாவு வராது, மழைநீர் தறிக்குழிக்குள் இறங்கினால் வேலை நிற்கும், முழங்கால் வலித்தால் வருமானம் நிற்கும். தாத்தா கற்ற கலையைப் பேரன் கற்கவில்லை என்று வருந்துமுன், கற்கும் ஓராண்டில் அந்தப் பேரன் எதைச் சாப்பிடுவான் என்று கேட்க வேண்டும். கற்றுக்கொடுக்கும் நாளில் தாத்தாவின் தறி நிற்குமே, அந்தக் கூலியை யார் கொடுப்பார்கள் என்றும் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன நாடு ஜப்பான். 1950-இல் பண்பாட்டுச் சொத்துகளைக் காக்க அவர்கள் கொண்டுவந்த சட்டம் கோயிலையும் ஓவியத்தையும் மட்டும் காக்கவில்லை. கைத்திறனையும் சொத்து என்று ஏற்றது. அந்தத் திறன் உள்ள மனிதரை அரசு அறிவிக்கிறது, ஆண்டுக்கு 20 லட்சம் யென் கொடுக்கிறது. அந்தப் பணம் அவர் தன் திறனை வளர்த்து அடுத்தவருக்குக் கற்றுக்கொடுப்பதற்காக.

ஒக்கினாவா தீவில் கிஜோக்கா என்ற கிராமம். வாழை இனத்து நாரில் துணி நெய்வது அவர்களுடைய மரபு. இரண்டாம் உலகப் போரில் அந்தத் தீவே சுடுகாடானது. போருக்குப் பிறகு ஊர் திரும்பிய தைரா தோஷிக்கோ என்ற பெண், நார் உரிக்கும் பாட்டிமாரையும் கணவனை இழந்த பெண்களையும் ஒன்று சேர்த்துத் தறியை மறுபடி ஓட்டினார். 1974-இல் அந்த நெசவு நாட்டின் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. 2000-இல் அவருக்கே தனிப்பட்ட அங்கீகாரம் கிடைத்தது. 2022-இல் நூறு வயதைக் கடந்து அவர் மறைந்தபோது கிராமத்தில் தறி நிற்கவில்லை. நார் உரிப்பது முதல் நெய்வது வரை எல்லோரையும் சேர்த்தே ஒரு குழுவாக அங்கீகரித்ததுதான் அங்கே நடந்த நல்ல காரியம். நெய்பவரை மட்டும் காப்பாற்றிவிட்டு விழுது கட்டுபவரைக் கைவிட்டால் தறி ஓடாது என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

நம் நாட்டிலும் ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். காஞ்சிபுரத்தில் நெசவாளர் சேவை மையம் இருக்கிறது. சேலத்தில் 1960 முதல் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. நெசவாளர்களுக்குச் சந்த் கபீர் விருது, தேசிய விருது என்று மரியாதையும் உண்டு. 2015 முதல் ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். தமிழக அரசு 2023-இல் கைத்தறிக்கான இலவச மின்சாரத்தை 200 யூனிட்டிலிருந்து 300 ஆக உயர்த்தியது. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சேலை உட்பட 11 வகைத் துணிகளில், சட்டம் குறிப்பிடும் ரகங்களை விசைத்தறியில் நெய்யக்கூடாது. இவை எல்லாம் நல்லவை. ஆனால் விருது, கற்றவருக்குப் போகிறது. கற்றுக்கொள்பவருக்கு என்ன கிடைக்கிறது? சட்டம் இருக்கிறது. விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்கும்போது தட்டிக்கேட்க வாங்குபவருக்கு விவரம் தெரிந்திருக்கிறதா?

புதிய கருவிகளைக் கண்டு பயப்பட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. தெலங்கானாவின் சிந்தகிந்தி மல்லேசம், போச்சம்பள்ளிச் சேலைக்காக நாளெல்லாம் கையை வீசி வீசி நூல் சுற்றிய தன் தாயின் தோள்வலியைப் பார்த்து ஓர் இயந்திரம் செய்தார். 2017-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த இயந்திரம் நெசவாளரின் வேலையைப் பறிக்கவில்லை, வலியைத்தான் பறித்தது. ஜக்கார்டை மிதித்துத் தூக்கும் பாரத்தைக் குறைக்கும் கருவியும் அப்படித்தான். கலை கையில் இருக்கட்டும், வலி போகட்டும்.

இனி உங்களிடம் சில கோரிக்கைகள் வைக்கிறேன்.

கூட்டுறவுச் சங்கங்களின் நிர்வாகிகளே, மாஸ்டர் வீவர்களே, நீங்கள் ஆளுக்கு ஓர் ஆசானைத் தேர்ந்தெடுங்கள். நெய்பவராக இருக்கட்டும், விழுது கட்டுபவராக இருக்கட்டும், புணைக்கும் அம்மாவாக இருக்கட்டும். அவரோடு ஒரு மாணவரைச் சேர்த்து, இருவருக்கும் ஓராண்டுக்கு மாதச் சம்பளம் கொடுங்கள். அரசிடம் இதற்குத் திட்டம் கேளுங்கள். வரும்வரை காத்திருக்காமல் சங்கத்தின் லாபத்திலிருந்து தொடங்குங்கள்.

முதியவர்களே, உங்கள் பரணில் கட்டிப் போட்டிருக்கும் பழைய அட்டைகளையும், டிசைன் வரைந்த கட்டத் தாள்களையும் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். எந்த டிசைன், யார் வரைந்தது, எந்த ஆண்டில் நெய்தது என்று பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். ஊரில் ஒரு பொது அறை கிடைத்தால் அதுவே ஆரணியின் நெசவு நூலகம் ஆகும்.

மாணவர்களே, உங்கள் கையில் கைப்பேசி இருக்கிறது. உங்கள் தெருவில் அச்சுக் கட்டும் தாத்தா இருக்கிறார். விடுமுறையில் போய் அவருடைய கையைப் படம் எடுங்கள், ஒவ்வோர் அசைவுக்கும் பெயர் கேட்டு எழுதுங்கள். எழுதிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். ஒரு நாளாவது நீங்களே செய்து பாருங்கள்.

சேலை வாங்கும் அன்பர்களே, கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வரும்போது கைத்தறி முத்திரை, பட்டு முத்திரை இரண்டையும் கேளுங்கள். நெய்தவர் யார் என்றும் கேளுங்கள். நாலு பேர் தொடர்ந்து கேட்டால் ஐந்தாவது சேலையில் கடைக்காரரே அந்தப் பெயரை எழுதி ஒட்டுவார்.

மஸ்லினை இழந்தபோது ஆரணி அடிமை நாட்டின் ஊர். அன்று அதைக் காப்பாற்றும் அதிகாரம் நம் முன்னோர் கையில் இல்லை. இன்று சங்கம் நம்முடையது, அரசு நாம் தேர்ந்தெடுத்தது, வாங்கும் பணமும் நம்முடையது. இப்போதும் ஒரு கலை போனால் பழியை வேறு யார் மேலும் போட முடியாது. அடுத்த கைத்தறி நாளுக்கு இந்த மேடைக்கு என்னைக் கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை. இந்த ஆண்டு தறியில் உட்கார்ந்து கற்ற பிள்ளைகளைக் கூப்பிட்டு, அவர்களுக்கு மாலை போடுங்கள்.